டெரன்ஸ் முடிக்காமல் விட்ட பாட்டு

எங்கள் வீட்டுக்கும் டெரன்ஸ் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர், அதுவும் ரயில்வேக்காரன் கட்டிய சுவர், இந்தப் பக்கம் நான் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து அவன் பெண்டாட்டி ஹில்டா "நூறு" என்று வாழ்த்துவாள், அப்படிப்பட்ட சுவர். ஆகையால் செங்கல்மேடு ரயில்வே காலனியில் சத்தம் குறைந்துபோன கதையைச் சொல்ல என்னைவிட உரிமையுள்ளவர் யாரும் கிடையாது, யாராவது இருக்கிறேன் என்று கிளம்பினால் என் முன்னால் வந்து நிற்கச் சொல்லுங்கள்.

டெரன்ஸ் ஒர்க்‌ஷாப்பில் வெல்டர், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கிட்டார், கல்யாண சீசனில் எங்கள் காலனி ஆர்க்கெஸ்ட்ராவில் கிட்டார், மற்ற நேரமெல்லாம் டேப்ரிக்கார்டர் முன்னால். அவனுக்கு இங்கிலீஷ் ராக் பாட்டு என்றால் உயிர், உயிர் என்றால் முழுப் பாட்டும் இல்லை, பாட்டின் வால் மட்டும். அந்தக் காலத்துக் கேசட்டுகளில் பாதிப் பாட்டு முடியவே முடியாது. பாடுகிறவன் பாடி ஓய்ந்ததும் கிட்டார்க்காரன் தனியாக ஆரம்பிப்பான், அவன் கை சூடாகி நன்றாக வாசிக்கிற நேரம் பார்த்து சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, குறைத்து, ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுவார்கள். "அங்கதான் அக்கா அவன் நெஜமா வாசிக்கிறான்" என்பான் டெரன்ஸ். "பாட்டு முடிஞ்சிருச்சு, இனிமே யாரும் கேக்கப் போறதில்லைன்னு நெனச்சு வாசிக்கிறான் பாருங்க, அதுதான் வாசிப்பு." அதனால் பாட்டு வாலுக்கு வந்ததும் இவன் வால்யூமைத் திருக ஆரம்பிப்பான், அது குறையக் குறைய இவன் கூட்டுவான், கடைசியில் உஸ்ஸென்ற இரைச்சல்தான் மிஞ்சும், அந்த இரைச்சலிலும் காதை ஒட்டி வைத்துக்கொண்டு "இன்னும் இருக்கு, இன்னும் இருக்கு" என்பான், அந்த நேரம் பார்த்து அடுத்த பாட்டு முழு வால்யூமில் வந்து விழும், சுவருக்கு இந்தப் பக்கம் என் கையிலிருந்து பால் பாத்திரம் விழும். வால்களை மட்டும் வெட்டிச் சேர்த்து ஒரு கேசட்டே வைத்திருந்தான். அதற்கு காலனியில் வால் கேசட் என்றுதான் பேர்.

மேடையில் மட்டும் அவனுக்கு ஒரு குறை. எந்த ஆர்க்கெஸ்ட்ராவாக இருந்தாலும், கேசட்டில் முடியாத பாட்டை மேடையில் எப்படியாவது முடித்தாக வேண்டும் இல்லையா, அதற்கு எல்லாருக்கும் தெரிந்த ஒரே வழி, கடைசி அடியை மூன்று தடவை வாசித்து, மூன்றாவதில் எல்லாரும் சேர்ந்து டம்மென்று ஓங்கி அடித்து நிறுத்துவது. எங்கள் டிரம்ஸ்காரன் மஸ்தான் ஃபிட்டர் வேலைக்காரன், அந்த டம்முக்காகவே மேடை ஏறுகிறவன். டெரன்ஸுக்கு அது பிடிக்காது. "நல்லா மூச்சு விட்டுட்டு இருக்கிறவனை மூணு தடவை கழுத்தை நெரிக்கிற மாதிரி இருக்கு" என்பான். அந்த வருஷம் காலனிக்காரர்கள் கூடுகிற ரயில்வே இன்ஸ்டிடியூட்டின் ஆண்டு விழாவுக்கு அவன் ஒரு இங்கிலீஷ் பாட்டு எடுத்தான், எடுத்தவன் இந்தத் தடவை டம் கிடையாது என்று சொல்லிவிட்டான். மிக்ஸர் போர்டைப் பார்த்துக்கொள்கிறவர் எங்கள் வீட்டுக்காரர் பக்கிரிசாமி, எலக்ட்ரிக்கல் செக்‌ஷன். அவரிடம் வந்து, "அண்ணே, நாங்க வாசிச்சிட்டே இருப்போம், நீங்க சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற கட்டையை மெதுவாக் கீழே இறக்குங்க, கேசட்டிலே வர்ற மாதிரியே வரணும்" என்றான். இவர் எனக்கு மட்டும்தான் முடியாது என்று சொல்லத் தெரிந்தவர், ஊருக்கு எல்லாம் சரி.

அப்படியே செய்தார்கள். ஹில்டா அப்போது ஆறு மாசம், கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து உண்டானவள், முதல் வரிசையில் என் பக்கத்தில் கையை வயிற்றில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மஸ்தான் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு விரலால் தட்டினான், மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கையை எடுத்துக்கொண்டார்கள், டெரன்ஸ் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான், எங்கள் வீட்டுக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டு கட்டையை இறக்கினார், சத்தம் குறைந்தது, இன்னும் குறைந்தது, கட்டை அடியில் போய் நின்றது, நாங்கள் எல்லாரும் கை தட்டினோம். டெரன்ஸ் கும்பிட்டுவிட்டு கிட்டாரைக் கழற்றி பெட்டியில் வைத்தான். வைத்த பிறகும் வாசிப்பு கேட்டுக்கொண்டிருந்தது. ஸ்பீக்கர் பெட்டியில் ஏதோ கோளாறு என்று எங்கள் வீட்டுக்காரர் பிளக்கைப் பிடுங்கினார். அப்போதும் கேட்டது.

மறுநாள் காலையில் பால் வாங்கப் போனபோது பால் பூத்தில் கேட்டது, குழாயடியில் கேட்டது, சர்ச்சில் கேட்டது, பிள்ளையார் கோயிலில் கேட்டது, ஒர்க்‌ஷாப் உள்ளே லேத் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றாலும் கேட்டது. எங்கே நின்றாலும் நாலு வீடு தள்ளி யாரோ வாசிக்கிற தூரத்தில்தான் கேட்டது, நாலு வீடு தள்ளிப் போய்ப் பார்த்தால் அங்கிருந்து நாலு வீடு. லெவல் கிராசிங் கேட்டைத் தாண்டினால் கிடையாது. வாசித்ததையே திரும்ப வாசிக்கவும் இல்லை, ராத்திரி பகல் பார்க்காமல் புதிது புதிதாக வந்துகொண்டே இருந்தது. இதில் ஆச்சரியப்பட யாருக்கும் நேரமில்லை, அது பள்ளிக்கூடத்தில் பரீட்சை நடக்கிற சமயம், காலனியில் அம்மை வேறு போட்டிருந்தது. குழாயடியில் பெண்கள் அந்தத் தாளத்துக்கே பம்பு அடித்தோம், கோயில் நாதஸ்வரக்காரர் சுருதிப்பெட்டியை மூடி வைத்துவிட்டு அதற்கே சுருதி சேர்த்துக்கொண்டார், ஃபாதர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆண்டவருக்குத் தெரியாமல் எதுவும் நடப்பதில்லை என்று பிரசங்கத்தில் சொன்னார், சொன்னதோடு விட்டுவிட்டார். டெரன்ஸ் மட்டும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்தான், அடிச்சத்தம் வாசிப்பைக் கெடுத்துவிடுமாம். பெருமையில் ஆள் ஒரு சுற்று பருத்துக்கூடப் போனான்.

அது குறைந்துகொண்டே வருகிறது என்று முதலில் கண்டுபிடித்தது யார் என்று காலனியில் இன்றைக்கும் அடித்துக்கொள்கிறார்கள். நான்தான். ஒரு நாள் குக்கரை ஏற்றிவிட்டு விசிலுக்குக் காத்திருந்தேன், காத்திருந்தேன், வரவில்லை, போய்ப் பார்த்தால் ஆவி மட்டும் பீறிட்டு அடிக்கிறது, விசில் மேலே எழுந்து ஆடுகிறது, சத்தம் பக்கத்து அறையில் யாரோ சீட்டி அடித்த அளவுக்குத்தான் இருக்கிறது. உள்ளே பருப்பு கரி. வாசிப்பைக் காது கொடுத்துக் கேட்டேன், அது எட்டு வீடு தள்ளிப் போயிருந்தது. அப்புறம்தான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. காலையில் ஒர்க்‌ஷாப் சங்கு ஊதியது பாதிப் பேருக்குக் கேட்கவில்லை, எல்லாரும் லேட். ஸ்டீல் தட்டு கீழே விழுந்தால் துணி விழுந்த மாதிரி விழுந்தது. வாசிப்பு ஒரு வீடு தள்ளிப் போனால் காலனியின் எல்லாச் சத்தமும் அதோடு ஒரு வீடு தள்ளிப் போயிற்று, அதைக் கையைப் பிடித்துக்கொண்டு போகிற பிள்ளைகள் மாதிரி.

மனுஷர்கள் எதற்குத்தான் பழகிக்கொள்ள மாட்டார்கள். வீட்டுக்கு வீடு கயிறு கட்டினோம், கூப்பிட வேண்டுமென்றால் கயிற்றை இழுப்பது, அந்த முனையில் கட்டிய சிவப்புத் துணி ஆடும். புருஷன் பெண்டாட்டி சண்டை போட வேண்டுமென்றால் காதில் வாயை வைத்துத்தான் போட வேண்டும், அப்படி வைத்தால் சண்டை எங்கே வரும், அந்த மழைக்காலத்தில் காலனியில் ஒரு சண்டை கிடையாது. கைக்குழந்தைக்காரிகள் குழந்தை மணிக்கட்டில் ரிப்பனைக் கட்டி மறுமுனையைத் தங்கள் மணிக்கட்டில் கட்டிக்கொண்டார்கள், அழுதால் இழுபடும் இல்லையா, அதற்காக. மஸ்தான் வீட்டு ஆடு தண்டவாளத்தில் மேய்ந்துகொண்டிருந்தது, ஷண்டிங் எஞ்சின் பின்னாலேயே வந்தது, ஆடு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்கப்புறம் தண்டவாளம் தாண்டுகிற இடத்தில் முறை வைத்து ஆள் நிறுத்தினோம், கொடியோடு.

அதுவரைக்கும் எனக்குப் பெரிதாகப் பயமில்லை. பயம் வந்தது விழுப்புரத்தில். என் நாத்தனார் மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தேன், கேட்டைத் தாண்டியதும் பஸ் ஹாரன் காதைக் கிழித்தது, அடடா, உலகம் சரியாகத்தான் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தது. மண்டபத்தில் மேளம் கொட்டுகிறது, பிள்ளைகள் கத்துகிறார்கள், எல்லாம் கேட்கிறது. நாத்தனாரைக் கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டாலே கையிலிருப்பதைப் போட்டுவிட்டு எழுந்திருப்பவள், இருந்த இடத்தில் இருந்தாள். தொண்டை கிழியக் கூப்பிட்டேன். பக்கத்தில் நின்ற பூக்காரிகூடத் திரும்பவில்லை. எங்கள் சத்தம் காலனியில் குறையவில்லை, எங்களுக்குள்ளே குறைந்திருக்கிறது, எங்கே போனாலும் அது எங்களோடுதான் வரும் என்று அப்போது புரிந்தது. சாப்பிடாமல் திரும்பி வந்துவிட்டேன், நான் ஒரு கல்யாணத்தில் சாப்பிடாமல் வந்தது அது ஒன்றுதான்.

அதே வாரம் ஹில்டாவை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். டாக்டரம்மா பக்கத்துப் படுக்கைக்காரி வயிற்றில் குழலை வைத்ததும் சிரித்தாளாம், ஹில்டா வயிற்றில் வைத்ததும் சிரிக்கவில்லையாம், இடம் மாற்றி மாற்றி வைத்தாளாம். மெஷினில் படம் எடுத்துப் பார்த்தால் நெஞ்சு துடிக்கிறது, குழலை வைத்தால் ஒன்றுமே இல்லை. ஹில்டா வீட்டுக்கு வந்து கயிற்றை இழுத்தாள், நான் போனேன், என் காதில் வாயை வைத்துச் சொன்னாள்.

"அக்கா, நான் வேற எதுவும் கேக்கலை. என் பிள்ளை பொறந்து அழுறது எனக்குக் கேக்கணும். அது பசிச்சு அழுதா, வலிச்சு அழுதா, இந்த ஒலகத்திலே ஒருத்தருக்கும் கேக்காமப் போயிருமா? அப்படி ஒரு பிள்ளையை நான் எப்படி அக்கா விட்டுட்டுத் தூங்குவேன்?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் அவளே சொன்னாள், "அந்த வாசிப்பு முடியலை, அதனாலதான் எல்லாம் அது கூடவே போகுது. அவரை அதை முடிக்கச் சொல்லுங்க."

நல்ல காரியம்தான், ஆனால் யார் முடிப்பது? எங்கள் வீட்டுக்காரர் தினமும் சாயங்காலம் இன்ஸ்டிடியூட்டுக்குப் போய் அந்தக் கட்டையை மேலே தள்ளி, கீழே இறக்கி, மேலே தள்ளிப் பார்த்துவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவார், அதில் ஒன்றும் ஆகவில்லை. கூட்டம் போட்டோம். வட்டமாக உட்கார்ந்து ஒருவர் சொன்னதை அடுத்தவர் காதில் சொல்லி, அவர் அடுத்தவர் காதில் சொல்லி, ஒரு கருத்து ஒரு சுற்று வருவதற்குள் காபி ஆறிப்போயிற்று. மூன்று தடவை வாசித்து டம்மென்று அடித்து முடித்துவிடலாம் என்றார்கள் பாதிப் பேர். முடித்தால் அது மட்டும்தான் முடியுமா, அதைப் பிடித்துக்கொண்டு போகிற மற்றதெல்லாம் சேர்ந்து நின்றுபோய்விட்டால் என்ன செய்வது என்றார்கள் மீதிப் பேர், டம்முக்காகவே பிறந்த மஸ்தான்கூட அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தான். "இப்பவாவது காதிலே வாயை வெச்சா கேக்குது அக்கா" என்றான். அந்தப் பயம் எனக்கும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

டெரன்ஸ் கூட்டத்துக்கே வரவில்லை. நான் போய்ப் பிடித்தேன். சமையல் அறையில், எங்கள் பொதுச் சுவரில் காதை ஒட்டி வைத்து, மற்றக் காதைப் பஞ்சால் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், தாடி வளர்ந்திருந்தது, பருத்த சுற்று எல்லாம் இறங்கி எலும்பு தெரிந்தது. பஞ்சைப் பிடுங்கிவிட்டு அந்தக் காதில் நன்றாகத் திட்டினேன். அவன் கோபிக்கவில்லை.

"அது நான் வாசிச்சது இல்லை அக்கா" என்றான். "நான் வாசிச்சது அந்த மேடையோட சரி. இது என் கையிலே வராதது. நேத்து ஒரு எடம் வந்துச்சு, மேலே ஏறி ஏறிப் போய், விழப் போறான்னு நெனக்கிறப்ப அப்படியே நின்னான் பாருங்க, நான் செத்தாலும் அப்படி வாசிக்க முடியாது. இதை எப்படி அக்கா நான் நெரிக்கிறது?"

"உன் பிள்ளை ஊமையாப் பொறக்கட்டும்னு சொல்றியா?"

அவன் அழுதான். அழுகிற சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது, அதைப் பார்க்கச் சகிக்காமல் பஞ்சை அவன் மடியில் போட்டுவிட்டு வந்தேன்.

ஹில்டாவுக்கு ஒன்பதாம் மாசம் தொடங்கியபோது வாசிப்பு யாருக்கும் கேட்கவில்லை. டெரன்ஸுக்கும் கேட்கவில்லை. மழை பெய்தது, தகரக் கூரையில் சத்தமில்லாமல் பெய்தது, காக்காய்கள் வாயைத் திறந்து திறந்து மூடின, காதில் வாயை வைத்துக் கத்தினாலும் மூச்சுக் காற்றின் சூடு மட்டும்தான் வந்தது. பேசுவதை விட்டுவிட்டோம், உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டோம், இருட்டில் உதட்டைப் பார்க்க முடியாது என்று விளக்கை அணைக்கப் பயந்தோம். அப்போதுதான் டெரன்ஸ் சிவந்த கண்ணோடு எங்கள் வாசலுக்கு வந்து நின்றான். முடிக்கிறேன் அக்கா என்று உதட்டை அசைத்தான், அசைத்துவிட்டுக் கையை விரித்தான். முடிக்க வேண்டுமென்றால் அது இப்போது எந்த இடத்தில் ஓடுகிறது என்று தெரிய வேண்டும், ஓடுகிற ரயிலில் ஏறுகிறவனுக்கு ரயில் கண்ணில் பட வேண்டாமா. அவனுக்கு அது தொலைந்துபோயிருந்தது. நேரத்தில் செய்யாமல் நேரம் கடந்து வந்து நிற்பதில் ஆம்பிளைகளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

வழி காட்டியது ஹில்டா. அவளுக்குக் காலையில் எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தேன், என் உள்ளங்கைக்குக் கீழே பிள்ளை உதைத்தது, உதைக்கிற பிள்ளைதான், ஆனால் அன்றைக்கு அவள் என் மணிக்கட்டைப் பிடித்து அங்கேயே அழுத்தி வைத்தாள். உதை வந்தது, ஒரு இடைவெளி, இரண்டு சின்ன உதை, இடைவெளி, ஒரு நீளமான உருட்டல், மறுபடி உதை. குழாயடியில் எத்தனை நாள் அந்தத் தாளத்துக்குப் பம்பு அடித்திருக்கிறேன், இது அதே தாளம். ஈரக் கையோடு ஓடிப்போய் டெரன்ஸை இழுத்து வந்து அவன் கையை வைத்தேன். வைத்தவன் கண்ணை மூடினான். கொஞ்ச நேரம் கழித்து அவனுடைய இடது கை விரல்கள் காற்றில் தானாக அசைய ஆரம்பித்தன. உள்ளே இருக்கிற பிள்ளைக்கு அது கேட்டுக்கொண்டிருந்தது.

அன்று மத்தியானமே இன்ஸ்டிடியூட்டைத் திறந்தோம். கயிறுகளை இழுத்தோம், சிவப்புத் துணிகள் தெருத் தெருவாக ஆடின, காலனி மொத்தமும் வந்து உட்கார்ந்தது. அது ஆரம்பித்த மேடையிலேயே, அதே இடத்தில், டெரன்ஸ் கிட்டாரோடு ஸ்டூலில் உட்கார்ந்தான், அவன் முன்னால் நாற்காலியில் ஹில்டா, இரண்டு பேருக்கும் நடுவில் நான், என் இடது கை அவள் வயிற்றில், வலது கை அவன் தோளில். ரயில்வே ஆஸ்பத்திரி நர்ஸ் சிஸ்டர் எஸ்தர் துணி மூட்டையோடு மேடை ஓரத்தில் நின்றாள், எதற்கும் இருக்கட்டும் என்று. எங்கள் வீட்டுக்காரர் கட்டையை உச்சிக்குத் தள்ளிவிட்டு அதிலிருந்து கையை எடுக்காமல் நின்றார்.

பிள்ளை உதைத்தது, நான் தோளில் தட்டினேன், டெரன்ஸ் வாசித்தான், மஸ்தான் என் கையைப் பார்த்து அடித்தான். ஒருவருக்கும் எதுவும் கேட்கவில்லை. தந்தி அதிர்வதைப் பார்த்தோம், குச்சி எழும்பி விழுவதைப் பார்த்தோம். முதலில் அவன் விரல்கள் பின்தங்கின, பிறகு முந்தின, அவன் நெற்றியில் வியர்வை வழிந்தது, பிறகு ஒரு இடத்தில் நான் தட்டுவதற்கு முன்பே அவன் தோள் அசைந்தது. பிடித்துவிட்டான். அவன் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது பாருங்கள், அதைப் பார்த்ததும் இவன் முடிக்கமாட்டான், இப்படியே இதோடு போய்விடுவான் என்று நினைத்தேன். நினைத்ததை மறைக்காமல் தோளில் ஒன்று ஓங்கிப் போட்டேன்.

கடைசி அடியை வாசித்தான். ஒன்று. பிள்ளை உதைப்பதை நிறுத்திவிட்டுக் கவனித்தது, என் கைக்குத் தெரிந்தது. மறுபடி அதே அடி. இரண்டு. மூன்றாவதை ஆரம்பித்துவிட்டுக் கையைத் தூக்கியவன் அப்படியே நின்றான். தூக்கிய கை இறங்கவில்லை. மஸ்தானும் இரண்டு குச்சியையும் தூக்கியபடி நின்றான், முதல் வரிசைப் பெண்கள் பிள்ளைகளின் முகத்தை மடியில் அழுத்திக்கொண்டார்கள், டெரன்ஸ் ஹில்டாவையே பார்த்தான். ஹில்டா சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. நீட்டிய கையால் அவன் முழங்காலைத் தொட்டாள். அவன் அடித்தான்.

என் கைக்குக் கீழே எல்லாம் நின்றுபோயிற்று. உதை இல்லை, உருட்டல் இல்லை, அசைவே இல்லை. இதுவரை இருந்தது சத்தமில்லாமை என்று நினைத்திருந்தோம், அதில்கூட என் காதுக்குள் என் ரத்தம் ஓடுவது எனக்குக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது, இப்போது அதுவும் போயிற்று. ஐயோ, கொன்றுவிட்டோமே என்று நான் கத்தினேன், கத்தியது எனக்கே கேட்கவில்லை. ஹில்டா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தாள், அவள் காலடியில் பலகை நனைந்தது.

அவளைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக்கு ஓடினோம், அங்கே அகலமாக இருந்தது பில்லியர்ட்ஸ் மேஜை ஒன்றுதான், அதன் பச்சைத் துணியில் வேட்டியை விரித்துப் படுக்க வைத்தோம். ஒரு பிரசவம் சத்தமில்லாமல் நடந்தால் எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள். அவள் வாய் திறந்திருந்தது, கழுத்து நரம்பு புடைத்திருந்தது, எஸ்தரின் உதடு "முக்கு, முக்கு" என்று அசைந்தது, ஜன்னல் கம்பியெல்லாம் முகங்கள், எல்லா முகத்திலும் ஒரே கேள்வி. பெண் பிள்ளை பிறந்தது. எஸ்தர் அதைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினாள். பிள்ளை முகம் சுருங்கியது, கை இரண்டும் விறைத்தது, வாயைத் திறந்தது, முழு வாயையும் திறந்தது, நாக்கு நடுங்குவது தெரிந்தது. ஒன்றும் கேட்கவில்லை. ஹில்டா தலையைத் தூக்கி அந்தத் திறந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது மூச்சை இழுத்து இரண்டாம் தடவை அழுதது.

கேட்டது. முதலில் பிள்ளையின் சத்தம், அது மட்டும்தான் உலகத்தில், கரகரவென்று, கோபமாக. அப்புறம் ஹில்டா அழுவது கேட்டது, அப்புறம் தலைக்கு மேலே ஃபேன் கிறீச்சிடுவது, கூரையில் காக்காய், ஜன்னலில் மூச்சுகள், தூரத்தில் ஷண்டிங் எஞ்சின். யாரோ ஒர்க்‌ஷாப்புக்கு ஓடிப்போய் வேளை கெட்ட வேளையில் சங்கை ஊதினான், காதைப் பொத்திக்கொண்டு எல்லாரும் அழுதோம். எஸ்தர் மட்டும், "எல்லாரும் வெளியே போங்க, நஞ்சுக்கொடி விழணும்" என்று சத்தம் போட்டாள், அது இன்ஸ்டிடியூட் வாசல் வரை கேட்டது.

பிள்ளைக்கு செசிலி என்று பேர் வைத்தார்கள். சத்தமெல்லாம் திரும்பி வந்துவிட்டது, சண்டைகளும் வந்துவிட்டன, என் நாத்தனார் மறுபடி என் குரலைக் கேட்டு எழுந்திருக்கிறாள். ஆனால் பயம் போகவில்லை. எங்கள் காலனியில் எந்தப் பாட்டையும் தானாகத் தேய்ந்துபோக விடமாட்டோம், வால் வரும் முன்பே ரேடியோவை டக்கென்று அணைத்துவிடுவோம். விருந்தாளி கிளம்பினால் பேசிக்கொண்டே நடந்து போகக்கூடாது, நின்று பேசி முடித்துவிட்டுத்தான் போக வேண்டும். பிள்ளை அழுது அழுது விசும்பலாகக் குறைந்து தூங்குவது எல்லா ஊரிலும் உள்ளதுதான், ஹில்டா மட்டும் அந்த விசும்பல் குறையும்போது எழுந்து உட்கார்ந்து பிள்ளை மூக்கடியில் விரலை வைத்துக்கொண்டிருப்பாள், சுவருக்கு இந்தப் பக்கம் நானும் முழித்துக்கொண்டிருப்பேன். டெரன்ஸ் கல்யாணங்களில் மூன்று தடவை வாசித்து டம்மென்று முடிக்கிறான், மஸ்தானுக்குக் கொண்டாட்டம். வால் கேசட்டின் நாடாவை உருவி அவரைக்காய்ப் பந்தலுக்குக் கட்டிவிட்டான். சில சாயங்காலம் மட்டும் கிட்டாரை எடுத்து வைத்துக்கொண்டு, மேலே ஏறி ஏறிப் போய் நிற்கிற அந்த ஒரு இடத்தைத் தேடுவான், கிடைக்காது, பெட்டியை மூடிவிடுவான்.

போன மாதம் லெவல் கிராசிங் கேட்டுக்கு எதிரே பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தோம், நான், டெரன்ஸ், ஹில்டா, அவள் இடுப்பில் செசிலி, மூன்று வயது முடியப் போகிறது. ஒரு மினி பஸ் பெரிய சத்தமாகப் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்து, ஆளை ஏற்றிக்கொண்டு, கிளம்பிப் போயிற்று. போகிற பஸ்ஸை நாங்கள் எப்படி அணைப்பது. பாட்டு தூரத்தில் குறைந்தது, இன்னும் குறைந்தது, வளைவில் திரும்பிற்று, எங்களுக்குக் கேட்காமல் போயிற்று. செசிலி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். ஹில்டாவின் தோளில் அவள் சின்ன விரல் தட்டிக்கொண்டே இருந்தது.

"என்னம்மா?" என்றாள் ஹில்டா.

"இன்னும் வருது" என்றது பிள்ளை. எதையோ பார்க்கிற மாதிரி மேலே பார்த்தது, கண் ஏறி ஏறிப் போய் ஒரு இடத்தில் நின்றது. டெரன்ஸின் முகம் வெளுத்துவிட்டது. அந்த இடம் அவனுக்குத் தெரியும். கேட்காதே என்றும் சொல்ல முடியாமல், என்ன கேட்கிறது என்று கேட்கவும் முடியாமல், அவன் கையை நீட்டி நீட்டி மடக்கினான். சாலையில் சைக்கிள் மணி அடித்தது, அது எனக்கு முன்னைவிட லேசாகக் கேட்ட மாதிரி இருந்தது, சத்தியமாக இருந்தது.

பிள்ளை அம்மாவின் தோளில் ஒரு தட்டுத் தட்டியது. இன்னொரு தட்டு. அப்புறம் கையை நன்றாகத் தூக்கி, அப்பாவைப் பார்த்துக்கொண்டே, ஓங்கி ஒன்று போட்டது.

"முடிஞ்சிருச்சு" என்றது. "பன் வேணும்."

டெரன்ஸ் பன் வாங்கக் கடைக்கு ஓடினான், செருப்புச் சத்தம் ரோடு முழுக்கக் கேட்டது.